பொய்க்கண்ணாடி

ஓசூர் மதராசுக்கா மைசூருக்கான்னு ஊரே பேசிக்கிட்டிருந்த வருசம், எங்கப்பாவுக்குச் சக்கரை வந்துச்சு.

சூளகிரி சந்தையில வாங்கின கண்ணாடி பதினஞ்சு நாள்ல மங்கிடும். அப்படியே மூணு சேர்ந்துபோச்சு. விடிஞ்சதும் ஒவ்வொண்ணா மாட்டி மலையைப் பார்ப்பாரு. எதுல தெளிவோ, அன்னிக்கு அது.

"பொய்க்கண்ணாடி விக்கிறான்"னு குடும்பத்தோட போய்க் கத்தி, விக்கிறவரைச் சந்தையை விட்டே விரட்டினோம்.

இன்னிக்கு மூக்கண்டப்பள்ளி கடையில என் புதுக் கண்ணாடி மங்குதுன்னு அதே சண்டை போட்டேன்.

கடைப் பொண்ணு சொல்லுது: "கண்ணாடி சரிதான் தாத்தா. சக்கரை ஏறி இறங்கினா பார்வையும் மாறும். அது அடங்கட்டும், அப்புறம் அளக்கலாம்."

அதுலேர்ந்து ஒரு இடத்துல உக்கார முடியல. அந்த மனுசன் மேல தப்பே இல்லையே.

சொல்லி வருத்தப்பட அந்தக் கண்ணாடிக்காரரும் இப்ப உயிரோட இல்ல. அன்னிக்குக் கத்தினவங்கள்ல என்னைத் தவிர ஒருத்திதான் மிச்சம். அஞ்செட்டியில இருந்துக்கிட்டு, ரெண்டு கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, கடைக்காரனைத் திட்டிக்கிட்டிருக்கா, என் தங்கச்சி முனியம்மா.