சட்டைக் கையில் ஒரு பாக்கெட்

என் அக்கா தையல்காரி. கடை முதலாளி வெட்டிக் கொடுப்பதைத் தைப்பாள், காஜா எடுப்பாள், நடுநடுவே என் தலையில் குட்டுவாள். மூன்றிலும் வேலை சுத்தம்.

ஊரைப் பிடித்த பட்டாளம் ஓர் உத்தரவு போட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் இடது சட்டைக் கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் துணி தைத்துக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்து எங்களைப் பிரிக்க அவர்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும், எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரே மூக்குதான். அதனால் எங்கள் சட்டையையே எங்கள்மேல் கோள் சொல்ல வைத்தார்கள். அந்தத் துணியையும் நாங்களே வாங்க வேண்டுமாம். கொழுப்புக்கும் ஓர் அளவு வேண்டாமா.

துணி போட்டவன் பாலம் தாண்டக் கூடாது. மீசை அரும்பினால் போதும், குண்டுப் பெட்டி சுமக்க லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஏறிய எவனும் திரும்பவில்லை. பெற்றவர்கள் போய்க் கேட்டால், வேலை இன்னும் முடியவில்லை என்பார்கள். செத்தவனுக்கும் வேலை முடியாது போலிருக்கிறது.

எதிர்வீட்டு சோடாபுட்டிக்கு மீசை அரும்பிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் லாரிக்கும் மாட்டுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. அவன்தான் அடுத்தது என்று தெருவில் பேச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டாளம் இல்லை. அங்கே அவன் மாமா வீடு இருந்தது.

"அழுது என்னடா ஆகப்போகுது? சட்டையைக் கழட்டு," என்றாள் அக்கா, கடைக்கு வந்து நின்ற அவனிடம்.

சாம்பல் துணியைப் பிரித்து, ஓட்டுத்தையலில் மறுபடி பிடித்தாள். அளவு பார்ப்பதற்காகத் தற்காலிகமாகப் போடுவது அது. நூல் நுனியை இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். சோடாபுட்டி இழுத்தான். வந்தது. ஆனால் சட்டை வெயிலில் வெளுத்திருக்க, துணி மறைத்த இடம் மட்டும் புதுச்சட்டை மாதிரி சதுரமாக நின்றது.

"கழட்டினாலும் கத்துதே அக்கா," என்றேன்.

அவள் கத்தரிக்கோலை மேசையில் போட்ட சத்தத்தில் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

"சட்டை வெளுக்கறதுக்குக்கூட இவனுங்களைக் கேக்கணுமா?" என்றாள். பிறகு அந்தச் சதுரத்தை மூடுகிற மாதிரி ஒரு பாக்கெட் வெட்டித் தைத்து, சாம்பல் துணியை அதன்மேல் ஓட்டினாள்.

"கையில பாக்கெட்டா? ஊரே சிரிக்கும்க்கா," என்றான் சோடாபுட்டி.

"ஊரே போட்டா யாருடா சிரிப்பா?"

ஊரைப் போட வைக்கும் பொறுப்பு என்னுடையது. பிறவிப் பயனை அடைந்தேன். சாம்பல் துணி தேவைப்படாத வீட்டுப் பையன்களிடம், தலைநகரில் இப்போது இதுதான் ஸ்டைல் என்று அளந்தேன். நம்பாதவனிடம், "உன் மூஞ்சிக்குப் பொருந்தாதுதான், விடு" என்றேன். மறுநாளே கடையில் நின்றான். கொஞ்ச நாளில் பாலத்தில் போகிற இளவட்டத்தில் பாதிப் பேர் கையில் பாக்கெட்.

லாரி பக்கத்துத் தெருவுக்கு வந்த காலையில், சைக்கிள் கடைக்குப் பின்னால் நின்று நானும் சோடாபுட்டியும் அவரவர் சட்டையில் நூலை இழுத்தோம். பாலத்தில் ஒரு சிப்பாய் அவன் கையைப் பிடித்தான்.

"இதை எங்கடா தைச்ச?"

சோடாபுட்டி என்னைப் பார்த்தான். நான்தான் கடையைச் சொல்லி, "நல்லா தைப்பாங்க சார்" என்றேன். கையை விட்டான்.

மாமா வீட்டில் எனக்கும் சேர்த்துப் படுக்கை போட்டார்கள். நான் திரும்பிவிட்டேன். அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ஆள் கிடையாது, வேறொன்றுமில்லை.

மறுநாள் அதே சிப்பாய் கடைக்குள் வந்தான். ஒரு சட்டையை அக்காவின் முன்னால் எறிந்தான்.

"எனக்கும் ஒரு பாக்கெட். உடனே வேணும்."

எங்களைச் சுமைமாடாக்கியவனுக்கு ஸ்டைல் கேட்கிறது. மிஷினில் இருந்தது பலசரக்குக் கடைக்காரர் மகனின் சட்டை. எங்கள் ஆள்; அவனுக்கும் மீசை. வெறும் பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிரித்த சாம்பல் துணி அக்காவின் காலடியில் கிடந்தது.

அவள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு சார். இந்தத் தம்பிக்கு முடிச்சிட்டுதான் உங்களுக்கு."

சிப்பாய் முறைத்தான். பிறகு அந்தப் பையனை நகரச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்தான். அக்கா மிஷினை ஓட்டினாள், அவசரமே இல்லாமல்.