ரிலீவர் இல்லாத டியூட்டி

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, செம்பூரில் ஒரு கிளினிக். டாக்டர் என் மாமனாரிடம் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?

மாமா என்னைப் பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார். "பஹூ ஆபீஸ்லேர்ந்து வந்தப்புறம் குடிப்பேன்" என்றார் இந்தியில். பஹூ என்றால் மருமகள், அதாவது நான்.

"அதுக்கு முன்னால?"

மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

என் ஆபீஸ் வாஷியில். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு. கணவருக்கு இன்னும் லேட். மாமியார் உயிரோடு இல்லை. இரண்டரை வயது மகள் மீனுவை அத்தனை மணி நேரமும் பார்த்துக்கொள்வது அறுபத்தெட்டு வயது மாமா ஒருவர்தான். அப்படியென்றால், பகல் முழுக்க... ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லையா? மும்பை வெயிலில்?

முந்தின நாள் மதியம் அவருக்குக் குளிர் ஜுரம். பக்கத்து வீட்டு மராத்தி அம்மா ஷிண்டே காக்கு போன் செய்த பிறகுதான் எனக்கே தெரியும். நான்கு நாளாக நீர்க்கடுப்பு இருந்திருக்கிறது. மூச்சு விடவில்லை மனிதர்.

சிறுநீரில் தொற்று என்றார் டாக்டர். கிட்னி வரை போயிருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ரிப்போர்ட் மறுநாள்.

ஆட்டோவில் கேட்டேன். "ஏன் மாமா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா பாத்ரூமுக்கு எந்திரிச்சுப் போணும்லா. பிள்ளைய யாரு பாப்பா?"

"ரெண்டு நிமிஷம்தானே..."

"நீதானம்மா சொன்ன?"

நானா?

ஆமாம், நான்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் மீனு சோபாவிலிருந்து விழுந்து நெற்றி புடைத்துக்கொண்டது. மாமா பாத்ரூமில் இருந்த நேரம். நான் கத்தவில்லை. மிகவும் பணிவாக, "ஒரு நிமிஷம்கூட கண்ண எடுக்காதீங்க மாமா, ப்ளீஸ்" என்றேன். கத்தியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார். விஷயம் அன்றே முடிந்திருக்கும். பணிவாகச் சொன்னதால் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவர் முப்பது வருடம் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர். அங்கே ஒரு ரூல். மாற்று ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. அதே ரூலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வீட்டு ரிலீவர் நான்... ஏழு மணிக்கு வருகிறேன்!

மீனுவுக்கு எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குப் பழம் என்று ஒரு பெரிய லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சின்ன விஷயத்துக்கும் பத்து தடவை யோசிக்கிறவள் நான். அந்த லிஸ்ட்டில் மாமாவுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவே இல்லை. கிட்னிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? யார் முகத்தில் முழிப்பேன்?

மறுநாள் லீவு போட்டேன். ரிப்போர்ட்டை வாங்க நின்ற வரிசையில் ராஜினாமா கடிதத்தை மூன்று முறை மனதுக்குள் எழுதிவிட்டேன்.

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிட்னி நல்லா இருக்கு. ஏழு நாள் மாத்திரை. தண்ணி மட்டும் விடக் கூடாது."

அந்தக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நல்ல செய்திக்கு அழுகிறவளைப் பார்த்து நர்ஸுக்கே குழப்பம்.

வீட்டுக்கு வந்ததும், வேலையை விடப் போகிறேன் என்றேன்.

"என்னத்துக்கு விடுத?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய்லர் பாத்தவன் எவனாவது வேலைய விட்டானா? டீ குடிக்க, ஒதுங்க, ஒருத்தன் வந்து பத்து நிமிஷம் நிப்பான். அவ்வளவுதாம்மா வேணும்."

ஃபேக்டரிக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

பகலில் பத்து நிமிஷம் வந்து மீனுவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஷிண்டே காக்குவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வேடி!" என்றார். மராத்தியில் பைத்தியக்காரி. "ரெண்டு வருஷமா பக்கத்துல இருக்கேன், இப்பத்தான் வாய் வந்துச்சா?"

இப்போது காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் அவர் வருகிறார். "ஆஜோபா, ஜா. மீ ஆஹே." தாத்தா, போங்க, நான் இருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க எனக்கும் கணவருக்கும் டியூட்டி. மாமா கார்டனில் சீட்டாடப் போகிறார். போன வாரம் தோற்றுவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தினமும் மூன்று முறை ஆபீஸிலிருந்து போன் செய்கிறேன். முன்பெல்லாம் எடுத்ததும் மீனுவைப் பற்றித்தான் கேட்பேன். நேற்று அந்த முதல் கேள்வியை மாற்றினேன்.

"மாமா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சாச்சு. போயிட்டும் வந்தாச்சு. இதுக்கும் லிஸ்ட் போட்டுராத தாயி!"