பீரோவுக்குள் வெளிச்சம் வருகிறதா?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பழைய தேக்கு பீரோ ஒன்றை வாங்கினேன். "இது பீரோ இல்ல, இன்னொரு பெட்ரூம்" என்றார் கணவர். ஒரு வாரமாக அதைப் பற்றியே எங்களுக்குள் வாக்குவாதம்.

கரப்பான்பூச்சி நுழையும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரியும் அல்லவா? துளி வெளிச்சம் இல்லை. திருப்தியாக இருந்தது. கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. பூட்டு தானாக விழுந்திருந்தது. வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த அறையில் கணவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தார். தட்டியது கேட்கவில்லை. நல்லவேளை, கையில் போன் இருந்தது. போன் செய்தேன், கட் செய்தார். "பீரோவுக்குள்ள மாட்டிக்கிட்டேன், உடனே வாங்க" என்று மெசேஜ் அனுப்பினேன். முதல் சொல்லுக்கு மேல் அவர் படிக்கவில்லை போலிருக்கிறது. "பீரோ பத்தி சாயங்காலம் பேசலாம்மா" என்று பதில் வந்தது.

வியர்த்துக் கொட்டியது. எதிர்வீட்டு மஞ்சுளா ஆன்ட்டிக்கு போன் செய்தேன். அவர் காலிங் பெல்லை விடாமல் அழுத்தினார். அந்தச் சத்தம் இவருடைய மைக் வழியாக மீட்டிங்கில் இருந்தவர்களுக்குக் கேட்டு, அவர்கள் சொன்ன பிறகே இவர் ஹெட்போனோடு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தார்.

"ஏன்ப்பா, பெண்டாட்டியை பீரோல வெச்சுப் பூட்டிட்டு மீட்டிங்கா?" என்று ஆன்ட்டி கேட்டது, பீரோவுக்குள் இருந்த எனக்கே கேட்டது; மீட்டிங்கிலும் கேட்டிருக்கும். இவர் ஓடிவந்து பீரோவைத் திறந்துவிட்டார்.

இப்போதெல்லாம் டார்ச்சை உள்ளே எரியவிட்டு, வெளியில் நின்று ஓட்டை பார்க்கிறேன். மீட்டிங் நடுவே நான் போன் செய்தால், "முதல்ல அதை எடுங்க" என்று அவருடைய மேனேஜரே சொல்கிறாராம்.