அத்தானின் தாடி

அக்கா வீட்டுக்காரருக்கு முடிவெட்டும் தொழில். எனக்கு அத்தான். வாய்க்கு வாய் வம்பு பேசுவோம், அதற்காகவே தினமும் அவர் சலூனில் போய் உட்காருவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மழை விட்டதும் எங்கள் தெருவுக்குச் சிக்குன்குனியா வந்தது. கொசு ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தெருவே முதுகை வளைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், சிரித்தாலும் வலித்தது. மற்றவர்களுக்கு மலைபோல வந்தது பனிபோல நீங்கிற்று. அத்தானுக்குக் காய்ச்சல் போனது, வலி போகவில்லை.

காலையில் விரல் மடங்காது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட வேண்டும். கணுக்கால் வீங்கியிருப்பதால் அதிக நேரம் நிற்கவும் முடியாது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார்: "சிலருக்கு இது வருஷக்கணக்குல இருக்கும். குறையும், திரும்ப வரும். மாத்திரையை விடாதீங்க, வெந்நீர்ல வெச்சு விரலை மடக்கி நீட்டுங்க. கையைச் சும்மா மட்டும் போட்டுடாதீங்க." பொய்யாக ஆறுதல் சொல்லாத அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும். அவர் சொன்னபடி செய்ததில், மதியத்துக்கு மேல் அத்தான் கத்தரிக்கோல் பிடிக்கத் தொடங்கினார்.

சவரக்கத்திதான் வசப்படவில்லை. "என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல. அடுத்தவன் கழுத்துல எப்படிடா வைப்பேன்?" என்றார். அந்தக் கடை பிழைத்ததே, வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வந்து செய்துகொள்ளும் சவரத்தால்தான். அவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போனார்கள். சுழல் நாற்காலியை விற்றுவிட்டுக் கடையை மூடிவிடுவதென்று அத்தான் முடிவு செய்தார்.

இதற்குள் அவர் முகத்தில் தாடி காடாக வளர்ந்திருந்தது. நான் சும்மா இருப்பேனா?

"எதிர்க்கடைக்கு ஒரு நடை போய்ட்டு வாங்களேன், அத்தான்."

"அங்க போய் உட்கார்றதுக்கு, கடைச் சாவியை அவன் கையிலயே கொடுத்துடலாம்."

அவர்கள் தொழிலில் அப்படித்தான். கடனாகச் சோப்பு கேட்பார்கள், பிளேடு கேட்பார்கள். இன்னொருவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மட்டும் காட்ட மாட்டார்கள்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப என்கிட்ட காட்டுங்க" என்று நுரையைப் பூசினாள். முதல் நாள் மூன்று இடத்தில் ரத்தம்.

"தோலை இழுத்துப் பிடி! அழுத்தாத!"

"வாயை மூடுங்க முதல்ல. ஆடுற தாடையில எப்படிப் போடுறது?"

இந்த வீட்டில் அத்தான் வாயை அடைக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். சில மாதத்தில் அவர் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. இதை ஒரு தொழிலாக எங்களில் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அதற்குப் பிறகுதான் நாற்காலியை வாங்க ஒருவர் குட்டி லாரியோடு வந்தார். அவரும் முடிவெட்டுகிறவர்தான். அப்போது அக்கா அதே நாற்காலியில் அத்தானுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். வந்தவர் வாசலில் நின்று, அவள் முடிக்கும்வரை கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் எழுந்ததும் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உட்கார்ந்தும் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினார்.

"எனக்கும் போட்டு விடுங்கம்மா."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா நுரையைப் பூசி, தோலை இழுத்துப் பிடித்துக் கத்தியை வைத்தாள். முடிந்ததும் வந்தவர் தன் கன்னத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"சவரம் பண்ண ஆள் இல்லைன்னுதானே விக்கிறீங்க? இது யாருங்க?"

குட்டி லாரி காலியாகத் திரும்பிப் போனது. அத்தான் அழுதார். கேலி பேச வாய் திறந்த நானும் அழுதேன்.

வலி இன்னும் இருக்கிறது. மழை நாளில் இன்னும் அதிகம். காலையில் அக்கா கத்தி பிடிக்கிறாள், மதியத்துக்கு மேல் அத்தான் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்தபடி முடி வெட்டுகிறார். பேர் தெரியாத அந்த மனிதரை நினைக்காத நாளில்லை. அவர் போன மறுநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அத்தானைத் தேடி வந்தார். அக்கா கையில் கத்தியைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார். அத்தான் தன் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

"பயப்படாம உட்காருங்க. என் கழுத்தையே இவகிட்டதான் கொடுத்திருக்கேன்."