கம்பளி ஊசியில் செய்த கருவி

பதுளைக்கு ரயில் வந்த புதிதில் என் கணவர் கடைவீதியில் கடிகாரம் பழுதுபார்த்து வந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கொழும்பிலிருந்து வரவழைத்த கருவிகளைத் தவிர வேறெதையும் அவர் தொடமாட்டார்.

ஒருநாள் காலை, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கங்காணி வந்தார். சீமைக்குத் திரும்பிய துரை தன் கைக்கடிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். துரைக்குப் பருத்த கை, கங்காணிக்கோ குச்சிக் கை. கையை உயர்த்தினால் கடிகாரம் வெள்ளிப் பட்டையோடு முழங்கைவரை ஓடியது.

"நாளைக்கு மகளுக்குக் கல்யாணம் மொதலாளி. இதக் கட்டிக்கிட்டுத்தான் சபையில நிக்கணும்" என்று கொடுத்துவிட்டு, சேலை எடுக்கப் போனார்.

பட்டையில் மூன்று கண்ணிகளைக் கழற்ற வேண்டும். அவற்றைக் கோத்திருந்த ஆணிகள் குண்டூசிப் பருமன்தான். ஆனால் உள்ளே இறுகிப்போயிருந்தன. ஆணியைத் தள்ளுவதற்கென்று வாங்கியிருந்த நீளக் கம்பி சுத்தியலின் மூன்றாவது தட்டிலேயே வளைந்தது. இருந்த இன்னொன்றும் வளைந்தது. கொழும்புக்கு எழுதினால் வந்து சேர ஒரு வாரமாகும். அவர் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணியில் சுற்றினார்.

"இருங்க, நான் ஒண்ணு செஞ்சு பாக்குறேன்" என்றேன்.

"பட்டையக் கீறிப்புடாத" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளி தைத்துக்கொடுக்கும் தடித்த ஊசிகள் என்னிடம் இருந்தன. ஒன்றை முறித்து, நுனியைக் கல்லில் தட்டையாகத் தேய்த்து, தேயிலைச் செடிக் கட்டையில் செய்த பிடியில் செருகினேன். முதல் தட்டிலேயே பட்டென்று தெறித்தது. வாங்கியது வளைந்தது, என்னுடையது உடைந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அவர்தான் துண்டைப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரும்பு நல்ல இரும்பு. இறுக்கம் கூடிப்போச்சு, அதான் தெறிக்குது. அடுத்தத நெருப்புல காட்டு. நீலம் பூத்ததும் எடுத்துரு."

அப்படியே செய்தேன். நீளமாக இருந்தால்தானே வளையும் என்று, பிடிக்கு வெளியே ஒரு நெல்மணி அளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்க விட்டேன். பட்டை அசையாமலிருக்க ஒரு கொய்யாக் கட்டையில் பள்ளம் வெட்டி, ஆணி விழ அடியில் துளையும் போட்டேன். அவர் பிடித்துக்கொள்ள, நான் தட்டினேன். ஆணி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று கண்ணிகளும் என் உள்ளங்கையில் கிடந்தன. மீதிப் பட்டையை அவர் கோத்து முடித்தார்.

மத்தியானம் கங்காணி வந்து கட்டிப் பார்த்தார். கையை உயர்த்தினார், உதறினார். கடிகாரம் மணிக்கட்டிலேயே நின்றது.

"கொழும்புச் சாமானுன்னா சும்மாவா!"

"கொழும்பு இல்லீங்க. எங்க வீட்டுல செஞ்சது" என்று என் கணவர் என்னைக் காட்டினார். கங்காணி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கல்யாணத்தில் எங்களுக்கு முன்வரிசையில் பாய் போட்டிருந்தது.

இடுக்கியும் பூதக்கண்ணாடியும் பிறகும் கொழும்பிலிருந்துதான் வந்தன. அவற்றைச் செய்ய என்னால் ஆகாது. ஆனால் இந்தக் கருவியை அளவுக்கொன்றாக ஐந்து செய்தேன். பண்டாரவளைக் கடிகாரக்காரர் ஒருவர் அதிலொன்றை விலைக்குக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. அவருக்கென்று புதிதாக ஒன்று செய்து அனுப்பினேன்.