உள்ளே வைத்த பொட்டு

அக்காவின் கல்யாணப் போட்டோ ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் மாப்பிள்ளை இருக்கிறார், மாலை இருக்கிறது, எங்கள் தெருவே வரிசையாக நின்று முறைத்துக்கொண்டிருக்கிறது. அக்காவின் முகம் மட்டும் இல்லை. கல்யாணப் பெண் தலை குனிந்துதான் உட்கார வேண்டும் என்று ஒரு அத்தை அவள் பிடரியில் கை வைத்து அழுத்திவிட்டாள். படத்தில் தெரிவது நெற்றிச்சுட்டியும் வகிடும்தான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு எரிச்சல் வரும். நான் பொண்ணைப் பெத்தேனா, வகிட்டைப் பெத்தேனா என்பாள்.

அக்காவின் புருஷனுக்கு அந்தமானில் வேலை. கல்யாணம் ஆனதும் அவர் மட்டும் கப்பல் ஏறிவிட்டார். குடியிருக்க வீடு கிடைத்த பிறகு அக்காவைக் கூட்டிப்போக வந்தார். இது அறுபதுகளின் கடைசியில். எங்கள் தெருவில் அந்தமான் என்றால் கொலைகாரனை அனுப்பிய இடம், அவ்வளவுதான் தெரியும். என் பொண்ணு என்ன குத்தம் பண்ணினா என்று அம்மா அந்த மாப்பிள்ளை மாமாவிடமே கேட்டாள். அவர் பாவம், அங்கே தென்னை மரம் இருக்கிறது, தபாலாபீஸ் இருக்கிறது, முருகன் கோயில்கூட இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அம்மா முருகனையும் நம்பவில்லை.

மாமா எனக்கு ஒரு கேமரா கொண்டுவந்திருந்தார். கப்பலில் வேலை செய்யும் ஒருவரிடம் வாங்கியது. கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு கண், முதுகில் சிவப்பாக ஒரு சின்ன ஜன்னல். கூடவே ஒரே ஒரு ஃபிலிம் சுருள். பன்னிரண்டு படம் எடுக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஃபிலிம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நான் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துகொண்டிருந்த பையன். பட்டணத்துக்கு அதுவரை தனியாகப் போனதே கிடையாது.

கப்பல் விஜயதசமி அன்று மத்தியானம் கிளம்புவதாக இருந்தது. அனுமதிச் சீட்டு அது இது என்று அலைய வேண்டியிருந்ததால் மாமாவும் அக்காவும் ஒரு வாரம் முன்பே பட்டணம் போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். வழியனுப்ப அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்று ஊருக்குச் சொன்னாள். என்னிடம்தான் நிஜத்தைச் சொன்னாள்.

"கப்பலைக் கண்ணால பார்த்தா என் உசுரு அங்கியே போயிடும்பா. நீ போய் அவ முகத்தை எடுத்துக்கினு வா. அது போதும் எனக்கு."

அன்றிலிருந்து என் பட்டணப் பயணம் தெருவின் சொத்தாகிவிட்டது. ஆளாளுக்கு நாட்டாமை. பக்கத்து வீட்டுக்காரர், பதினாலு மாடிக் கட்டடத்தை எடுக்காமல் வந்தால் உள்ளே விடமாட்டேன் என்றார். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாவுக்கு லைட் ஹவுஸ் வேண்டும். தெருவில் தறிக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் நூலை விட்டுவிட்டு, மிருகக்காட்சிசாலைப் புலியா கடலா என்று எனக்காகச் சண்டை போட்டார்கள். நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். அம்மா ஒருநாள் வாசலில் நின்று, பன்னிரண்டும் என் பொண்ணுக்குத்தான், கட்டடம் எங்கேயும் ஓடிப்போகாது என்று தெருவுக்கே சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

படம் எடுக்கும் வித்தையை ராஜவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் கற்றுக்கொண்டேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எட்டடி தள்ளி நிற்க வேண்டும். கேமராவைக் கண்ணில் ஒட்டவைத்து, அதன் சின்னக் கண்ணாடி வழியே பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். பாவிப்பயல் இன்னொன்றையும் சொல்லி வைத்தார்: ஃபிலிம் மாட்டிய பிறகு முதுகைத் திறந்தால் தீர்ந்தது, வெளிச்சம் பட்டால் மொத்தச் சுருளும் குப்பை. பயந்துபோய் அவரையே மாட்டித் தரச் சொன்னேன். ஜன்னலில் ஒன்று என்ற எண் வந்து நின்றது. அதன் பிறகு கேமராவைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீடுகளில் அன்றைக்குத் தறி ஓடாது. தறிக்குழியைக் கழுவி, மரமெல்லாம் துடைத்து, கத்திரி, ஊசி வரைக்கும் எடுத்துச் சாமிக்கு முன் வைத்துவிடுவோம். நாடா என்று ஒன்று இருக்கிறது, குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோவது. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார்க்குச்சி உட்கார்ந்திருக்கும். நாடாவுக்கு வெளியே பொட்டு வைத்தால் போதாது. வயிற்றையும் துடைத்து உள்ளேயும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் கேமராவைச் சாமிக்கு முன் வைத்தேன். அதுவும் ஒரு ஆயுதம்தானே என்று எனக்கே ஒரு பெருமை. வைத்த பொருளை மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது. நான் தொடவில்லை. கோயிலுக்குப் போனேன், நண்பர்களோடு சுற்றினேன், பொரிகடலை தின்றேன்.

விஜயதசமி விடியலில் மறுபூஜை முடித்து, கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சந்தனத்தை மட்டும் துடைத்தேன். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். அக்காவுக்கு என்று முறுக்கு, ஊறுகாய், கோயில் குங்குமம் எல்லாம் ஒரு பையில். பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி சொன்னாள்.

"கவலப்படாம போ. படம் நல்லா விழும். உள்ளேயும் பொட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எதன் உள்ளே என்று கேட்டேன்.

"கேமராவுலதான். பூஜைக்கு முன்னாடியே முதுகைத் தொறந்து, துணியால தொடச்சு வெச்சேன். நம்ம நாடா மாதிரியே உள்ள ஒரு தாரு இருக்குது. அதை நான் தொடல, அறுந்துடும்னு பயம். வெளிய மட்டும் வெச்சா எப்படிப்பா, வேலை செய்யறது உள்ளதானே?"

பஸ் கிளம்பிவிட்டது. அம்மா கையசைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

யாரைத் திட்டுவது? அம்மாவையா, சாமியையா, முதுகைத் திறக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லாமல் போன என்னையா? மடியில் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்து பார்க்கலாமா என்று கை போகும். திறந்தால் இருக்கிறதும் போய்விடுமே என்று திரும்பி வரும். பக்கத்தில் இருந்தவர், தம்பி போட்டோகிராபரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பாரீஸ் கார்னரில் இறங்கியதும் துறைமுகத்துக்குப் போகாமல் ஃபிலிம் விற்கும் கடையைத் தேடினேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாழைக்கன்று கட்டிய கடைகள், எல்லாம் கதவு சாத்தியவை. ஒருவர் இடது பக்கம் போகச் சொன்னார், அங்கே இருந்தவர் நான் வந்த பக்கமே திருப்பி அனுப்பினார். கடைசியில் ஒரு கேமராக் கடை பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெரியவர் ஒருவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் கேமராக்கள், அவற்றோடு ஃபிலிம் பெட்டிகள் நாலைந்து, மேலே பூ. என் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில்.

ஐயா, ஒரே ஒரு சுருள் என்றேன். பூஜையில் வைத்ததை ராகுகாலம் கழியாமல் எடுக்கமாட்டேன் என்றார். கப்பல் போய்விடும் என்றேன், அக்கா என்றேன், அம்மா என்றேன். அவர் கோபப்படவே இல்லை. உட்காருப்பா, சுண்டல் சாப்பிடு, முடிந்ததும் முதலில் உனக்குத்தான் என்று இலையில் சுண்டலை வைத்தார். அவரிடம் என்ன நியாயம் பேச முடியும்? எங்கள் வீட்டிலும் அதே சாமி, அதே சட்டம். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு அழாத குறையாகத் துறைமுகத்துக்கு ஓடினேன்.

அக்கா எனக்காக வழியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா அவள் கல்யாணத்துக்கு நெய்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். எங்கள் வீட்டில் நெய்த பட்டு எங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பில் ஏறியது அந்த ஒன்றுதான். என்னைக் கண்டதும், ஏன்டா இவ்ளோ நேரம் என்று கூடக் கேட்கவில்லை. நேராகப் போய் வெயிலில் நின்றாள்.

"எங்க நிக்கணும் சொல்லு. இந்த வாட்டி தலையைக் குனிய மாட்டேன். அம்மாவுக்கு முகம் தெரியணும். ஒரு வாரமா கண்ணாடியில பாத்துப் பழகிக்கினு இருக்கேன்."

சுருள் கெட்டுப்போனதைச் சொல்லியிருந்தால் அவள் அழுதுகொண்டே கப்பலேறியிருப்பாள். அம்மா செய்தது என்று தெரிந்தால் இன்னும் அழுவாள். நான் கேமராவைத் தூக்கினேன்.

அவள் மோவாயை நிமிர்த்தி நின்றாள். எனக்குக் கேமராவைக் கண்ணில் வைக்க மனசு வரவில்லை. செத்த பெட்டிக்குள் எதற்காகப் பார்க்க வேண்டும்? அந்தச் சின்னக் கண்ணாடியில் அவள் கட்டைவிரல் அளவுதான் தெரிவாள். இனி எப்போது பார்ப்பேனோ. பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துக்கொண்டே அமுக்கினேன். திருகினேன், அமுக்கினேன். கண்ணில் வைத்து எடுப்பா என்று மாமா சொன்னார். இப்படியும் எடுக்கலாம் மாமா என்றேன். பாதி படம் தரையில் நிற்கும்போது, மீதி அவள் படியேறி மேலே கம்பியைப் பிடித்து நின்றபோது. கடைசியாக ஒரு முறை அமுக்கிவிட்டுப் பார்த்தால் அவள் இன்னும் அசையாமல் அதே மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள், எடுத்து முடித்தது தெரியாமல். போதும் என்று கையைக் காட்டினேன். அப்புறம்தான் அவள் அழுதாள்.

அந்தச் சுருளைக் கடலில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. கெட்ட செய்தியை ஸ்டூடியோக்காரர் வாயால் வரவைத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குக் கொண்டுவந்து, நடுவில் முதுகு திறந்துவிட்டது, எல்லாம் போயிருக்கும் என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன். அம்மா அந்த நாலைந்து நாளும் தினமும் கேட்டாள். கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். துணி துவைக்கவே இவ்வளவு நாள் ஆகாதே என்றாள்.

ஸ்டூடியோவுக்குப் போனபோது அவர் படங்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தார். முதல் மூன்றும் ஒன்றுமில்லாமல் போய்விட்டன. மீதி ஒன்பதும் வந்திருந்தன. ஓரத்தில் மட்டும் புகை படிந்த மாதிரி இருந்தது.

"யாரு சொன்னது எல்லாம் போச்சுன்னு? இறுக்கிச் சுத்தின சுருள்பா, உள்ளார வெளிச்சம் அவ்ளோ சீக்கிரம் போவாது. அது சரி, முகம் எங்கே?"

நீதானய்யா சொன்னாய், மொத்தமும் குப்பை என்று! வாய் வரைக்கும் வந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிடித்து என்ன ஆகப்போகிறது? ஒன்பது படம். பட்டுச்சேலை இருக்கிறது, அப்பா கோத்த கரை இழை இழையாகத் தெரிகிறது, வளையல் தெரிகிறது, கப்பல் கம்பியைப் பிடித்த கை தெரிகிறது. நெஞ்சோடு பிடித்து அமுக்கியதால் எல்லாம் கழுத்தோடு நின்றுவிட்டன. ஒன்றில் மட்டும் மேல் ஓரத்தில் கொஞ்சம் மோவாய். நிமிர்ந்த மோவாய்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். எனக்கு எடுக்கத் தெரியவில்லை அம்மா என்றேன். அது பொய்யும் இல்லை. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் முகம் இருக்கிற மாதிரி. அப்பா எழுந்து தறிக்குப் போய்விட்டார். மோவாய் தெரிந்த படத்தை மட்டும் அம்மா தனியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தலையை நிமிந்துதான் நின்னாளா?"

நின்றாள் அம்மா என்றேன்.

அக்கா அடுத்த வருஷம் வரவில்லை. பிள்ளைப்பேறு என்று அங்கேயே நின்றுவிட்டாள். ஆயுத பூஜை வந்தது. நான் தறிக்குழியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா நாடாக்களைத் துடைத்து முடித்துவிட்டு, பெட்டிக்குள் கிடந்த கேமராவைக் கேட்காமலே எடுத்து வந்தாள். உள்ளே ஃபிலிம் இல்லை. ஒரு வருஷமாக இல்லை. முதுகைத் திறந்தாள். போன வருஷத்துக் குங்குமம் அங்கே காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"போன வாட்டி அவசரத்துல சின்னப் பொட்டா வெச்சிட்டேன்பா. அதனாலதான் முகம் வரல."

சந்தனத்தைக் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்து, குங்குமத்தையும் அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா பார் என்று என்னிடம் நீட்டினாள். சரியாக இருக்கிறது அம்மா என்றேன்.