கேசிகா கேட்ட காக்கிப் பழம்

ஜெயரட்ணம் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எடுத்த காரியத்தை அரைகுறையில் விட்டவர் அல்லர். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து ஏழு வருஷத்தில் மாடிப்படி கழுவினார், மீன்கடையில் பெட்டி தூக்கினார், படுக்கையில் கிடந்த கிழவர் ஒருவருக்கு முகம் வழித்துவிட்டார். வதிவிட அனுமதியான பெர்மெசோ கைக்கு வந்ததும், மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று நின்று இரண்டு சோடிச் சப்பாத்தைத் தேய்த்தார். 1997 ஐப்பசியில் ஒருவழியாக விசா கிடைத்தது.

மகள் கேசிகாவை அவர் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஆறு மாதம். இப்போது ஏழு வயது.

அந்த வருஷம் பங்குனியில்தான் ஒரு இத்தாலிய முதலாளியம்மாவின், அதாவது சின்யோராவின், வீட்டில் சமையல், துப்புரவு, தோட்டம் எல்லாவற்றுக்கும் சேர்ந்திருந்தார். பின்வளவில் ஒரு காக்கி மரம். இலை பாதி கொட்டியதும் பார்த்தால் கொப்பெல்லாம் தக்காளி மாதிரிச் செம்மஞ்சள் பழம். தனக்குச் சர்க்கரை வியாதி, வாயில் வைக்க முடியாது, எல்லாவற்றையும் நீயே கொண்டுபோ என்றார் சின்யோரா. ஜெயரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற பிள்ளைக்கு ஒரு மரம் முழுக்கப் பழம்! எந்தத் தகப்பனுக்கு இது வாய்க்கும்?

வுச்சீரியாச் சந்தையில் தோல் வெடிக்கிற மாதிரித் தொளதொளவென்று காக்கி விற்பார்கள். அதை அழுகல் என்று நினைத்து இத்தனை வருஷமும் விலகிப் போனவர் அவர். ஆகவே தாயும் மகளும் வந்திறங்குகிற அன்று கல்லுப்போல இருந்த நாலைப் பார்த்துப் பறித்தார். செங்காய் மாங்காயை வெட்டுவதுபோல வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, டப்பாவில் போட்டுக்கொண்டு ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு ஓடினார். ஒரு துண்டைத் தின்று பார்த்திருக்கலாம். பிள்ளைக்கென்று எடுத்ததில் தான் முதலில் வாய் வைப்பதா என்று பார்க்கவில்லை. நல்ல மனசுதான். மூளையையும் கொஞ்சம் பாவித்திருக்கலாம்.

ரோமிலிருந்து இரவு முழுக்க ரயிலில் வந்த பிள்ளை, பசியில் ஒரு துண்டை வாங்கிக் கடித்தது. அவ்வளவுதான். முகம் கோணிப்போய்த் துப்பிவிட்டு, தாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

“அம்மா, வாயெல்லாம் இறுகுது! இவர் என்னத்தையோ தந்திட்டார்!”

தாய் அம்பிகை ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, ஒரே கயர். தின்னுற சாமானே இது?”

அன்றைக்கு விழுந்தது வெடிப்பு. சீசா என்ற பகுதியில் இருந்த ஒற்றை அறை வீட்டில், அவர் இந்தப் பக்கம் வந்தால் கேசிகா அந்தப் பக்கம் போனாள். அவர் கைபடவே விடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால், “அம்மா, அவரைத் தண்ணி எடுத்துத் தரச் சொல்லுங்கோ” என்பாள். அந்த ‘அவர்’ காதில் விழும்போதெல்லாம் ஜெயரட்ணத்துக்கு நெஞ்சு எரிந்தது. அப்பா என்று ஒரு தரம் கூப்பிட மாட்டாளா என்று ஏங்கிப்போனார்.

மேல்மாடித் தில்லையம்பலத்தார் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “மடைச் சாம்பிராணி! அது கனிஞ்சு தொளதொளத்தாப் பிறகு கரண்டியாலை அள்ளித் தின்னுற பழமடா. ரெண்டு அப்பிளோடை பேப்பர் பையிலை கட்டி வை, கனிஞ்சிடும்.”

அதற்குப் பிறகு மனுசனுக்குப் பிடித்தது காக்கிப் பைத்தியம். பையில் வைத்தார், அரிசிப் பானைக்குள் புதைத்தார். கனிந்தவற்றைப் பிசைந்து, வாழைப்பழத்துக்குப் பதிலாகப் பிட்டோடு குழைத்தார். பாலில் அடித்தார். சீனி போட்டு ஜாம் காய்ச்சினார். நெய் விட்டு ஒரு மணித்தியாலம் கிண்டி அல்வா எடுத்தார். கனியாதவற்றைத் தோல் சீவி, காம்பில் நூல் கட்டி, பால்கனியில் உடுப்புக் கொடியில் தொங்கவிட்டார். எதிர்வீட்டுக்காரி அது என்ன பண்டிகை என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பஞ்சாமிர்தமும் காக்கியில்தான். மிஞ்சியதைத் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். கேசிகா மட்டும் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

கார்த்திகை முடிகிற நேரம். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

“காக்கி இருக்கோ? என்னோடை படிக்கிற கியாராவுக்கு நல்ல விருப்பமாம். எங்கட வீட்டிலை நிறைய இருக்கு, நாளைக்குக் கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

ஜெயரட்ணத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் இருந்தது ஜாம், அல்வா, கொடியில் வற்றல். முழுப் பழம் ஒன்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வள்ளலிடம், சொந்தப் பிள்ளை முதன்முதலாகக் கேட்டபோது கொடுக்க ஒரு பழம் இல்லை!

“அல்வா கொண்டுபோறியளோ, பிள்ளை?”

“முழுசாத்தான் வேணும்.” கண் கலங்கிவிட்டது. “நான் பொய் சொல்லிறன் எண்டு நினைப்பாள்.”

அம்பிகை அவரைப் பார்த்தாள். “ஏன் நிக்கிறியள்? மரத்திலை ஒண்டுமே இல்லையோ?”

மரத்தில் மூன்று இருந்தன. குருவிகளுக்கென்று சின்யோரா விடச் சொன்னவை. கேசிகாவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கதையைக் கேட்ட சின்யோரா, குருவிகள் கோபிக்க மாட்டா என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றும் மதில் பக்கம் சாய்ந்த ஒல்லிக் கொப்பின் நுனியில் தொங்கின. ஏணி சார்த்த இடமில்லை. தடியால் தட்டினால் கூழாகிவிடும். அவர் எட்டிப் பார்த்தார், துள்ளிப் பார்த்தார். விரல் நுனிக்கும் பழத்துக்கும் நடுவே சரியாக ஒரு பிள்ளையின் உயரம்.

கேட்கவே பயமாக இருந்தது. கேட்டார்.

“தூக்கட்டோ?”

கேசிகா பழத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பழத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் உயர்த்தினாள்.

தோளில் வைத்தபோது அவள் இவ்வளவு பாரம் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. ஒரு கையால் அவர் தலைமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முதலாவதைப் பறித்தாள். இரண்டாவது அவள் விரலுக்குள் வெடித்து, சாறு அவர் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போனது. மேலே இருந்து க்ளுக்கென்று சிரிப்புச் சத்தம். அவள் விரலை நக்கிப் பார்த்திருக்க வேண்டும், “இது கயர்க்கேல்லை” என்றாள் ஆச்சரியமாக.

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கையை எடுத்தால் பிள்ளை விழுந்துவிடும். தோள் மட்டும் குலுங்கத் தொடங்கியது.

“அப்பா, ஆடாதேங்கோ!” மேலிருந்து அதட்டல் வந்தது. “மற்றதும் வெடிக்கப்போகுது.”

ஜெயரட்ணம் ஆடாமல் நிற்கத்தான் பார்த்தார். முடியவில்லை.